பாட அலகுகளைக் கணக்கிடும் முறை

பல்கலைக்கழகப் பாடப் பட்டியலில் ஒவ்வொரு பாடத்தின் பெயருக்கு அருகிலும் அதன் அலகைக் (யூனிட், கிரெடிட் என்றும் சொல்வார்கள்) குறிக்கும் ஓர் எண் இருக்கும். மாணவர்கள் பலர் அதை வகுப்பு நேரம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். சில இடங்களில் அது ஏறக்குறையச் சரி. வேறு சில இடங்களில் வகுப்பு நேரம், அந்த எண் குறிக்கும் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆகவே, பாடங்களைப் பதிவு செய்வதற்கு முன், உங்கள் பல்கலைக்கழகம் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு யூனிட் என்பது வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. விரிவுரை, டுட்டோரியல், ஆய்வுக்கூடம், ஒப்படைப்பு, சொந்தப் படிப்பு ஆகிய எல்லாம் அதில் அடங்கும். வழக்கமான பாடத்துக்கு 4 யூனிட், அதாவது வாரம் 10 மணி நேரம். 13 வாரத் தவணைக்கு 130 மணி நேரம். பாட விவரத்தில் 2-1-0-3-4 என்பது போன்ற வரிசை இருந்தால், முதல் மூன்று எண்கள் முறையே விரிவுரை, டுட்டோரியல், ஆய்வுக்கூட நேரங்கள். நான்காவது ஒப்படைப்புகளுக்கும் செயல்திட்டங்களுக்கும் உரியது. ஐந்தாவது சொந்த ஆயத்தத்துக்கு உரியது. கடைசி இரண்டு எண்களைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனெனில் கால அட்டவணையில் அவை தெரிவதில்லை.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வகுப்பு நேரத்தை அளவுகோலாகக் கொள்கிறது. வாரம் ஒரு மணி நேர விரிவுரையோ டுட்டோரியலோ ஓர் அலகு. ஆய்வுக்கூடமானால் மூன்று மணி நேரம் சேர்ந்தால்தான் ஓர் அலகு. வீட்டில் படிக்கும் நேரம் இந்த எண்ணில் வராததால், அங்குள்ள 3 அலகுப் பாடம் தேசியப் பல்கலைக்கழகத்தின் 4 யூனிட் பாடத்தைவிட எளிது என்று முடிவு கட்டிவிட முடியாது.

அடுத்து, உங்கள் வாரத்தைக் கணக்கிடுங்கள். ஐந்து 4 யூனிட் பாடங்கள் எடுத்தால் 50 மணி நேரம் ஆகிறது. சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் வேலை நேர விதிகள் பொருந்தும் ஊழியருக்கான வழக்கமான வார வரம்பே 44 மணி நேரம்தான். இதற்கு மேல் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்க நினைப்பவர்கள் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. மேலும், இந்த 10 மணி நேரம் சராசரிதான். ஆகஸ்டில் தொடங்கும் தவணையில் ஒப்படைப்புகள் பெரும்பாலும் பிற்பாதியில், தீபாவளியை ஒட்டியே குவிகின்றன.

மதிப்பெண் சராசரியிலும் அலகுகளுக்குப் பங்குண்டு. 4 யூனிட் பாடத்தில் 5.0 புள்ளியும் 2 யூனிட் பாடத்தில் 3.5 புள்ளியும் பெற்றால், சராசரி 4.25 அன்று, புள்ளிகளை யூனிட்டுகளால் பெருக்கிக் கூட்டி, மொத்த யூனிட்டுகளால் வகுத்தால் 4.5 வரும். நேரம் நெருக்கும்போது எந்தப் பாடத்துக்கு முன்னுரிமை தருவது என்பதற்கு இந்தக் கணக்கு உதவும்.

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு செல்பவர்கள் எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல் மணி நேரமாக மாற்றிப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கூட்டரசு விதி, ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பையும் குறைந்தது இரண்டு மணி நேர வெளி உழைப்பையும், தவணைக்குச் சுமார் 15 வாரங்கள் என்று வரையறுக்கிறது. அதன்படி 3 கிரெடிட் பாடம் சுமார் 135 மணி நேரம். நம் 4 யூனிட்டுக்கு மிக நெருக்கம். ஐரோப்பிய முறையில் ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேரம். நம் 130 மணி நேரத்தை அப்படியே வகுத்தால் 5 கிரெடிட் அளவில் வருகிறது. தவணைக்கு 20 யூனிட்டையும் 30 கிரெடிட்டையும் விகிதமாக வைத்தால் 6 வருகிறது. இவற்றில் எதை ஏற்பது என்பது உங்கள் துறையின் முடிவு என்பதால், பாடத்திட்டத்தை அனுப்பி, புறப்படுவதற்கு முன்பே எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.