கார் ரிமோட் தூரத்தில் இருந்து வேலை செய்யவில்லையா? வீட்டிலேயே சரிபார்க்கும் முறை

ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளின் பக்கம் வண்டியைக் கொண்டுபோக முடியாது. தள்ளி எங்காவது ஒரு காலி மனையில் நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும். போன ஆண்டு தேர் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அந்த மனையில் எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கார்கள். தோளில் தூங்கும் பிள்ளையோடு ரிமோட்டை அழுத்திக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தேன். கதவுக்கு மூன்றடி தூரத்தில் நின்று அழுத்தியபோதுதான் என் வண்டியின் விளக்கு மின்னியது.

மறுநாள் ஒரு கடையில் காட்டினேன். ரிமோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், செட்டோடு மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாய் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து நானே திறந்தேன். ஒரு புதிய பேட்டரியும் கொஞ்சம் பஞ்சும் போதுமானதாக இருந்தது. அதன் பிறகு சொந்தக்காரர்களின் வண்டிகள் ஆறேழு பார்த்துவிட்டேன். ரிமோட்டின் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் வேண்டியது, முன்பு இருந்து குறைந்துபோன தூரம்தான். அதை மீட்கப் பெரிய செலவு ஆகாது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விவரம். நம் ஊர் கார் ரிமோட்டுகள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அந்த அலையின் நீளம் சுமார் 69 சென்டிமீட்டர். ரிமோட்டுக்குள் இருக்கும் ஆன்டெனாவோ விரல் நீளம்கூட இருக்காது. அதனால் அது அனுப்பும் அலை இயல்பிலேயே மெல்லியது. திறந்த வெளியில்கூடத் தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகிவிடும். பேட்டரியும் தளர்ந்தால் எட்டும் தூரம் இன்னும் குறையும்.

முதலில் அளந்து எழுதுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு நேரே பேட்டரி வாங்கப் போகாதீர்கள். செல்போன் கோபுரமும் கடைத்தெருவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். நான் சேரன்மகாதேவிப் பக்கம் வயலுக்கு நடுவே போகும் ஒரு ரோட்டுக்குப் போவேன். காலை நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் குறைவு. வண்டியின் முன்பக்கம் நின்று, ஐந்தைந்து காலடியாகப் பின்னால் நகர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அழுத்திப் பாருங்கள். மூன்று முறையும் திறந்த கடைசி இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதேபோல் பின்பக்கமும் இரு பக்கவாட்டிலும் செய்யுங்கள். அலையை வாங்கும் கருவி வண்டிக்கு வண்டி வேறு வேறு இடத்தில் இருப்பதால் நான்கு பக்கமும் ஒரே தூரம் வராது. வீட்டு வாசலில் மட்டும் தூரம் குறைந்து இங்கே நன்றாக வேலை செய்தால், குறை ரிமோட்டில் இல்லை. வீட்டைச் சுற்றி இருக்கும் ஏதோ ஒரு கருவி கிளப்பும் மின் இரைச்சல், அதாவது குறுக்கே வரும் வேண்டாத அலைகள்தான் பெரும்பாலும் காரணம்.

அடுத்து, பீரோவில் கிடக்கும் இரண்டாவது சாவியை எடுத்து அதே இடங்களில் நின்று அழுத்துங்கள். அது தூரத்தில் இருந்து திறந்தால் முதல் ரிமோட்டில் குறை. இரண்டுமே திணறினால் வண்டியைப் பார்க்க வேண்டும். இரண்டாவது சாவியின் பேட்டரியும் பழையதாக இருக்கக்கூடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பேட்டரி

ரிமோட்டின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். அதில் தட்டைத் திருப்புளியைத் துணி சுற்றி நுழைத்து மெல்லத் திருகினால் மூடி கழன்றுவிடும். சில மாடல்களில் உள்ளே மறைந்திருக்கும் இரும்புச் சாவியை முதலில் உருவ வேண்டும். உள்ளே இருப்பது பெரும்பாலும் சி.ஆர். 2032. முதல் இரண்டு எண்கள் 20 மில்லிமீட்டர் விட்டத்தையும், கடைசி இரண்டு எண்கள் 3.2 மில்லிமீட்டர் தடிமனையும் குறிக்கும். சி.ஆர். 2025 அதே விட்டம்தான், ஆனால் தடிமன் 2.5 மில்லிமீட்டர். கடையில் ஒன்று இல்லையென்று மற்றொன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். மெல்லியது உள்ளே ஆடும். தடித்ததைத் திணித்தால் பேட்டரியைத் தாங்கும் தகடு வளைந்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால் அளந்து பாருங்கள். புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். ஆனால் இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். லித்தியம் பேட்டரி கடைசிக் காலம் வரை கிட்டத்தட்ட அதே வோல்ட்டேஜைக் காட்டிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தி அலை கிளம்பும் அந்த நொடியில்தான் அது சரியும். என் பழைய பேட்டரியும் சும்மா வைத்து அளந்தபோது 2.9 காட்டியது. அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல், தேதி பார்த்து வாங்கிய புதிய பேட்டரியைப் போட்டு மறுபடி காலடி எண்ணுவதே சரியான சோதனை. போடும்போது ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள். விரலின் எண்ணெய்ப் பசை தகட்டில் படக் கூடாது.

கழற்றிய பேட்டரியை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கோ, பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோக வேண்டும்.

உள்ளே இருக்கும் தகடுகள்

உவரியில் இருக்கும் சித்தப்பாவின் வண்டியில்தான் இதைக் கற்றுக்கொண்டேன். வீட்டில் இருந்து கடல் கூப்பிடு தூரம். புதிய பேட்டரி போட்டும் ஒன்பது காலடிக்கு மேல் எட்டவில்லை. வெயிலில் ரிமோட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, பேட்டரியைத் தாங்கும் சிறிய தகட்டின் வளைவில் கடுகு அளவுக்குப் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. செம்பு கலந்த உலோகத்தில் உப்புக்காற்று பட்டால் வரும் களிம்பு. சித்தப்பா எட்டிப் பார்த்து, "என்னய்யா, இதற்குள்ளுமா உப்பு போகும்?" என்றார். போயிருந்தது.

மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தேய்த்தேன். போகாத இடத்தில் பென்சில் அழிப்பானை வைத்து மெல்லத் தேய்த்ததும் மங்கிய மஞ்சள் தெரிந்தது. உப்புத்தாள் போடவே கூடாது. மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த முறை இன்னும் வேகமாக அரிக்கும். பேட்டரியைத் தகடு இறுக்கமாகப் பிடிக்கவில்லை என்றால், நகத்தால் ஒரு மயிரிழை உயர்த்திவிடலாம். ரப்பர் பொத்தான்களின் அடியில் உள்ள கறுப்புப் பொட்டுகளின் மேல் ஈரப் பஞ்சால் ஒற்றித் துடைத்தால் போதும், சுரண்ட வேண்டாம். முழுவதும் காய்ந்த பிறகு மூடுங்கள். சித்தப்பாவின் ரிமோட் அன்று மாலையே இருபத்தெட்டு காலடியில் திறந்தது.

வண்டியின் பக்கம்

சார்ஜர், டேஷ் கேமரா, பின்னால் வாங்கிப் பொருத்திய எல்.இ.டி. விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள். மலிவான சார்ஜர்கள் சில கிளப்பும் மின் இரைச்சலில் ரிமோட்டின் மெல்லிய குரல் அமுங்கிவிடும்.

பழைய வண்டியில் வெளிக்கடையில் சென்ட்ரல் லாக் பொருத்தியிருந்தால், நல்ல பலன் இங்கேதான் கிடைக்கும். அதன் பெட்டியில் இருந்து ஒரே ஒரு மெல்லிய ஒயர் எதிலும் இணையாமல் தொங்கும். அதுதான் ஆன்டெனா. பெரும்பாலும் 17 சென்டிமீட்டர் அளவில், அதாவது அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும். பொருத்துபவர்கள் அவசரத்தில் அதைச் சுருட்டி மற்ற ஒயர்களோடு கட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் இரும்புச் சட்டத்தை ஒட்டிச் செருகிவிடுகிறார்கள். கட்டை அவிழ்த்து, நேராக நீட்டி, இரும்பில் படாமல் கண்ணாடியின் ஓரமாக மேலே கொண்டுவந்து ஒட்டுங்கள். ஒயரை வெட்டவோ நீட்டிச் சேர்க்கவோ வேண்டாம்.

அழுத்தும் விதம்

இவ்வளவும் செய்த பிறகு இன்னும் சில காலடி வேண்டுமா? ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கி அழுத்துங்கள். நடுவில் நிற்கும் வண்டிகளின் இரும்புக் கூரையைத் தாண்டி அலை போகும். அல்லது தாடையின் அடியில் ஒட்ட வைத்து அழுத்துங்கள். நீர் நிறைந்த நம் தலை அந்த அலைக்குத் துணை ஆன்டெனாபோல் வேலை செய்கிறது. அந்த வயல் ரோட்டில் என் கைக்கு எட்டாமல் போன ஆறு காலடி இப்படி எட்டியது.

ரிமோட்டுக்குள் ஒயர் பற்றவைப்பதையும், அலையைக் கூட்டும் கருவி என்று விற்பதை வாங்குவதையும் நான் செய்ய மாட்டேன். பற்றவைக்கும்போது உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை கெட்டால் சாவியே போய்விடும். சாவி பையில் இருக்கும்போதே கதவு திறக்கும் வண்டிகளில் சாவி வேலை செய்யும் சுமார் ஒரு மீட்டர் எல்லை வேண்டுமென்றே வைக்கப்பட்டது. வண்டி பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில் சாவியைத் தேடுகிறது. அந்த எல்லையைக் கூட்டினால் திருடனுக்கும் கதவு திறக்கும்.

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போகலாம். போகும்போது, இரண்டு சாவியிலும் எத்தனை காலடி, எந்தப் பக்கம் குறைவு, பேட்டரி மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதிய தாளை எடுத்துச் செல்லுங்கள். நான் இப்போது தேதியை ரிமோட்டின் உள்மூடியிலேயே மார்க்கரால் எழுதிவிடுகிறேன்.