கிரீன் டீ: டீக்கடை மேசையில் சும்மா கிடைப்பதை மருந்தாக்கும் தவறுகள்

ரங்கூனில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், கேட்காமலே மேசைக்கு வருவது கிரீன் டீதான். குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல், நடுவில் ஒரு பிளாஸ்க், பக்கத்தில் கிண்ணத் தண்ணீரில் கிடக்கும் கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகள். யேநுவே ஜான் எனப்படும் அந்த வெறும் டீக்குக் காசு கிடையாது. பால் டீக்கும் தோசைக்கும்தான் பில். அதே இலையை அட்டைப்பெட்டியில் அடைத்து, மேலே ஒல்லி இடுப்புப் படம் போட்டு விற்றால், நம் வீடுகளில் அது மருந்தாகிவிடுகிறது. கொழுப்பு கரையும், சர்க்கரை இறங்கும், புற்றுநோய் அண்டாது என்று ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திகள் வேறு.

கிரீன் டீ ஏதோ தனி மூலிகை என்ற நினைப்பே முதல் கோளாறு. பர்மாவின் ஷான் மாநிலத்து மலைகளில் பறிக்கிற தேயிலைதான் வெறும் டீக்கும் போகிறது, பால் டீயின் கறுப்புத் தூளுக்கும் போகிறது, லப்பெட் என்ற புளிக்கவைத்த தேயிலைத் தின்பண்டத்துக்கும் போகிறது. பறித்த கையோடு சூடு காட்டினால் இலையிலுள்ள நொதி அடங்கி, பச்சை நிற்கும். கசக்கி அப்படியே விட்டால் காற்றுப்பட்டுக் கறுக்கும். பச்சையாக நிறுத்தும்போது கேட்டிசின் என்ற சேர்மங்கள் கூடுதலாகத் தங்குகின்றன. விளம்பரங்களின் மொத்த ஆட்டமும் இந்தக் கேட்டிசின்களை வைத்துத்தான்.

சரி, உடல் இளைக்குமா? இந்தக் கேள்வியை ஆராய்ந்த சோதனைகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 2012இல் ஓர் அலசல் வெளியிட்டது. எடை குறைந்தது மிகச் சொற்பம், மருத்துவ ரீதியில் பொருட்படுத்தும் அளவு இல்லை என்பதே அதன் முடிவு. ஆனாலும் "நான் குடித்தேன், இளைத்தேன்" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. நாளுக்கு மூன்று பால் டீ குடித்தவர் அதை விட்டுவிட்டு வெறும் டீக்கு மாறினால், அத்தனை டப்பாப் பாலும் சர்க்கரையும் வயிற்றுக்குள் போவது நின்றுவிடும். இளைக்க வைத்தது அதுதான், இலை இல்லை. கிரீன் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிப்பவர்களையும், கடை ஃபிரிட்ஜில் இருக்கும் இனிப்புப் பாட்டிலில் 'கிரீன் டீ' என்று எழுதியிருப்பதை நம்புபவர்களையும் என்ன சொல்வது?

இதய நோய் விஷயத்தில் கொஞ்சம் ஆதாரம் உண்டு. ஜப்பானின் ஒசாகி பகுதியில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து, 2006இல் முடிவு வெளியிட்டார்கள். நாளுக்கு ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களில் இதய, ரத்தநாள நோய்களால் இறந்தவர்கள் குறைவு. புற்றுநோய் மரணத்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. இது கூட இருந்து கவனித்த ஆய்வு, மருந்து கொடுத்துச் சோதித்தது அல்ல. அவர்களின் சாப்பாடும் பழக்கமும் நம்முடையவை அல்ல. புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கான ஆதாரம் முன்னுக்குப் பின் முரணாகவே இருக்கிறது என்று 2020 காக்ரேன் அலசலும் சொல்கிறது. இதை நம்பி சர்க்கரை மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

நம் வீடுகளில் நிஜமாகவே கெடுதல் செய்வது குடிக்கும் நேரம். சோறும் பருப்பும் கீரையும் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சூடாக ஒரு கோப்பை. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை டீயிலுள்ள பாலிபீனால் என்ற சேர்மங்கள் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. உடலில் சேரும் அளவு குறைகிறது. இறைச்சியிலிருந்து வரும் இரும்புக்கு இந்தப் பாதிப்பு அவ்வளவு இல்லை. அதனால் புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம் இருப்பவர்களும், எப்போதுமே காய்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களும்தான் கவனிக்க வேண்டும். ரத்தசோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் இன்னும் அதிகமாக. சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால் போதும், டீயை விட வேண்டியதில்லை. சில பேர் இரும்பு மாத்திரையையே பிளாஸ்க் டீயை ஊற்றித்தான் விழுங்குகிறார்கள். எதிரே தண்ணீர்ப் பாட்டில் இருக்கும்! மாத்திரைக்குத் தண்ணீர்தான். நாடலால் என்ற பிரஷர் மருந்து கிரீன் டீயோடு சேர்ந்தால் உடலில் ஏறும் அளவே வெகுவாகக் குறைவது சோதனையில் தெரிந்திருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்து எடுப்பவர்கள் எவ்வளவு குடிக்கிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் சூடு. பிளாஸ்கிலிருந்து ஊற்றியதும் நாக்கு சுட உறிஞ்சுவது பெரியவர்களுக்கு ஒரு பெருமை. 65 டிகிரிக்கு மேல் சூடான எந்தப் பானத்தையும், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2016இல் சேர்த்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. சிக்கல் டீயில் இல்லை, சூட்டில். ஆறவிடுங்கள். வீட்டில் போடும்போதும் கொதிக்கக் கொதிக்க ஊற்றாமல், கொஞ்சம் ஆறிய தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் கசப்பு ஏறாது. டீக்கடை மேசையிலுள்ள அந்தச் சின்னக் கோப்பைகளில் துளி டீ ஊற்றிச் சுழற்றிக் கொட்டினால் கிருமி செத்துவிடும் என்பதும் மனத்திருப்திதான். இரண்டு நொடிச் சூடு அதற்குப் போதாது.

காஃபீன் இல்லை என்பது இன்னொரு நம்பிக்கை. காபியைவிடக் குறைவு, அவ்வளவே. ஒரு கோப்பையில் சுமார் 30 மில்லிகிராம் இருக்கும். தூக்கம் வராதவர்கள் ராத்திரி பிளாஸ்கைத் தள்ளி வைக்கட்டும்.

டீயைவிட எனக்குப் பயம் மாத்திரைகள் மேல்தான். கிரீன் டீ சாற்றை அடர்த்தியாக்கி எடை குறைக்க விற்கும் கேப்சூல்கள் கல்லீரலைப் பாதித்த சம்பவங்கள் உண்டு. 'எக்ஸோலிஸ்' என்ற தயாரிப்பை 2003இல் பிரான்சில் சந்தையிலிருந்தே விலக்கினார்கள். கிரீன் டீ குடிப்பவருக்கு ஈஜிசிஜி என்ற முக்கியக் கேட்டிசின் நாளுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் வரை கிடைக்கிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கணக்கிட்டது; மாத்திரையாக 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனவர்களிடம் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் ரத்தத்தில் தென்பட்டன. "இயற்கைதானே" என்ற வாதம் இங்கே எடுபடாது.

கடைசியாக லப்பெட். தேயிலையைத்தானே சாப்பிடுகிறோம், உடம்புக்கு நல்லதுதானே என்று தட்டு தட்டாக உள்ளே தள்ளுபவர்கள், அதோடு போகும் எண்ணெய், உப்பு, பொரித்த பருப்பு, அஜினோமோட்டோ எதையும் கணக்கில் எடுப்பதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தூக்கத்தை விரட்ட அதைத்தான் மெல்கிறார்கள் என்பதிலிருந்தே காஃபீன் எவ்வளவு என்று புரியும். அவுரமைன் என்ற துணிச்சாயம் கலந்திருந்ததாக 2009இல் பல லப்பெட் பிராண்டுகளை மியான்மர் அரசு தடை செய்தது. புளிக்கவைத்த இலைக்கு மங்கலான, ஆலிவ் காய் போன்ற நிறம்தான் இருக்கும். பளபளவென்று மஞ்சள் பச்சையாகக் கடைக்காரர் எடுத்து நீட்டினால், பக்கத்துக் கடைக்குப் போங்கள்.