ஐ.இ.பி. கூட்டத்துக்கு முன் மாநிலத்தின் நிதிக் கணக்கைப் படிப்பது எப்படி

அமெரிக்கப் பள்ளியில் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி கேட்டுப் போராடும் பெற்றோர், ஐ.இ.பி. (பிள்ளைக்கான தனிக் கல்வித் திட்டம்) கூட்டத்தில் எதிரே அமர்ந்திருப்பவர்களின் மனத்தை அளப்பதைவிட, அந்த மாநிலம் பள்ளிகளுக்கு எந்தக் கணக்கில் பணம் தருகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஆனால், எத்தனை பணியிடங்கள், எத்தனை மணி நேரத் தெரபி என்பதெல்லாம் கூட்டத்துக்கு வெகு முன்பே வரவுசெலவில் முடிவாகிவிடுகின்றன. 1975-இல் சிறப்புக் கல்விச் சட்டம் வந்தபோது, அதன் கூடுதல் செலவுக்காக ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக மத்திய அரசு சொன்னது. அந்த அளவை அது ஒருமுறைகூட எட்டியதில்லை. மீதிச் சுமை மாநிலத்தின் மீதும், உள்ளூர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தின் மீதும் விழுகிறது.

மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் நிதி வழங்கும் முறையைத் தேடுங்கள். குறைபாடு கண்டறியப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதல் தொகை தரும் மாநிலத்தில், அதிகம் பேரைப் பட்டியலில் சேர்க்கும் ஈர்ப்பு இருக்கும். கலிபோர்னியாவைப் போல மொத்த மாணவர் வருகையை அடிப்படையாகக் கொண்டு பணம் பிரிக்கும் இடத்தில், புதிதாக ஒரு பிள்ளையைச் சேர்த்தாலும் வரவு கூடாது. எனவே பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று அறியும் பரிசோதனையைத் தள்ளிப்போடும் ஈர்ப்பு உண்டு. பிள்ளை அமரும் இடத்தை (பொது வகுப்பா, தனி வகுப்பா) பொறுத்துத் தொகை மாறினால், தனி வகுப்புக்கு அனுப்புவது பள்ளிக்கு வசதியாகிவிடும். இதைத் தடுக்கவே 1997-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது.

டெக்சாஸில் நடந்ததை மறக்கக் கூடாது. 2004-இல் அங்கே பள்ளி மாவட்டங்களைக் கண்காணிக்க, சிறப்புக் கல்வி பெறும் மாணவர் 8.5 சதவீதம் என்ற அளவுகோல் வந்தது. ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த சிறப்புக் கல்வி மாணவர் விகிதம், சுமார் பத்தாண்டுகளில் அந்த எண்ணுக்கே இறங்கியது. பிள்ளைகளின் தேவை குறையவில்லை, கதவுதான் மூடப்பட்டது. 2017-இல் அந்த வரம்பு சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ஆகவே உங்கள் மாவட்டத்தின் விகிதத்தையும், பள்ளி நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பொது வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் விகிதத்தையும் மாநில அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பேச வேண்டாம். பிள்ளையின் தேவையை மட்டும் பேசுங்கள், தாளில் உள்ள எண்களை நிதானமாகப் படியுங்கள். பழைய ஐ.இ.பி.யில் "வாரம் இருமுறை, 30 நிமிடம், தனியாக" என்றிருந்த ஸ்பீச் தெரபி, புதியதில் "மாதம் 120 நிமிடம், குழுவாக" என்று மாறியிருக்கலாம். 120 என்ற எண் பெரிதாகத் தோன்றும். முன்பு கிடைத்ததோ மாதம் 240 நிமிடம். அதோடு, மாதக் கணக்கில் எழுதினால் தவறிப்போன வாரங்கள் கண்ணில் படுவதில்லை.

"அந்த வசதி இந்தப் பள்ளியில் இல்லை" என்று சொன்னால் வாதாடாமல், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எதை மறுக்கிறார்கள், ஏன், எந்தத் தரவை வைத்து, வேறு எந்த வழிகளைப் பரிசீலித்தார்கள் என்பதையெல்லாம் எழுதித் தரச் சட்டம் பள்ளியைக் கட்டாயப்படுத்துகிறது. பொருத்தமான இரண்டு வழிகளில் செலவு குறைந்ததைப் பள்ளி தேர்ந்தெடுக்கலாம். பணம் இல்லை என்பதற்காகத் தேவையையே மறுக்க முடியாது. பரிசோதனைக் கோரிக்கையையும் தேதியிட்டு எழுத்தில் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மாநிலம் தனியாகக் கெடு வைத்திருந்தாலன்றி, உங்கள் ஒப்புதல் பள்ளிக்குக் கிடைத்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் பரிசோதனை முடிய வேண்டும்.