பாட்டி வளர்த்த பிள்ளை: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

அம்மா கொழுந்து பறிக்கப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நீலகிரியில் நிறைய. அவர்கள் பெரியவர்களாகி, நேர்முகத் தேர்விலோ ஊட்டிக்கு வரும் விருந்தினரிடமோ குடும்பத்தைப் பற்றி நாலு வரி ஆங்கிலத்தில் சொல்லும்போது தடுக்குவது ஃப்ரேசல் வெர்பில்தான். வினையோடு அப், ஆஃப்டர் போன்ற சின்னச் சொல் ஒட்டிப் புதுப்பொருள் தருவதுதான் அது. நீளமான பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள். தொடக்கத்துக்கு ஒன்பது தாராளம்.

முதல் படி: க்ரோ அப், ப்ரிங் அப் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். நான் வளர்ந்தேன் என்றால் க்ரோ அப்: "ஐ க்ரூ அப் இன் கோத்தகிரி." பாட்டி என்னை வளர்த்தார் என்றால் ப்ரிங் அப்: "மை கிராண்ட்மதர் ப்ராட் மீ அப்." அதிகம் காதில் விழும் பிழை "மை கிராண்ட்மதர் க்ரூ மீ அப்." "ஐ வாஸ் க்ரோன் அப் பை மை கிராண்ட்மதர்" என்பதும் தவறு, "ஐ வாஸ் ப்ராட் அப் பை" என்றே வரவேண்டும். அப் இல்லாத க்ரோவுக்குப் பின்னால் வருவது பயிர்: "வீ க்ரோ கேரட்ஸ் இன் கேத்தி." பிள்ளையை அங்கே வைத்தால் கேட்பவர் குழம்பிவிடுவார்.

இரண்டாம் படி: ஆளை எங்கே வைப்பது? பிழை பெருகுவது இங்கேதான், பொறுமையாகப் பாருங்கள். ப்ரிங் அப், திட்டுவதைச் சொல்லும் டெல் ஆஃப் இரண்டும் பிரியும். மீ, ஹிம், ஹெர், தெம் என்று வந்தால் நடுவில்தான் வைக்கவேண்டும்: "ஹி டோல்ட் மீ ஆஃப்." "டோல்ட் ஆஃப் மீ" தவறு. லுக் ஆஃப்டர், டேக் ஆஃப்டர் பிரியவே பிரியாது: "ஐ லுக் ஆஃப்டர் ஹெர்" என்றால் நான் அவரைக் கவனித்துக்கொள்கிறேன். "ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹெர் மதர்" என்றால் அம்மாவின் ஜாடையோ குணமோ அவளுக்கு அப்படியே இருக்கிறது. டேக் ஆஃப்டர் ரத்த உறவில் மூத்தவர்களுக்கு மட்டும். கணவருக்கோ தோழிக்கோ பொருந்தாது.

ஒருவரை உயர்வாக மதிப்பது லுக் அப் டு. "ஐ லுக் அப் டு மை பிரதர்" என்பதில் டு விடுபட்டால் மரியாதையும் போய்விடும். லுக் அப் மட்டும் என்றால் அகராதியில் தேடுவது போன்ற வேறு பொருள்.

மூன்றாம் படி, உறவின் ஏற்ற இறக்கம். ஒத்துப்போவது கெட் ஆன் வித், மனத்தாங்கலாகிப் பேச்சு நிற்பது ஃபால் அவுட் வித், சமாதானமாவது மேக் அப் வித். யாரோடு என்று சொன்னால் மூன்றுக்கும் வித் வேண்டும். "ஐ ஃபெல் அவுட் வித் மை கசின், பட் வீ மேட் அப்." என்றும் உள்ள உறவுக்கு ஐஎன்ஜி சேர்க்கவேண்டாம்: "ஐ கெட் ஆன் வெல் வித் மை மதர்-இன்-லா" போதும்.

நோட்டில் எழுதும்போது வினையை மட்டும் எழுதாமல், ஆள் நிற்கும் இடத்தில் கோடு போட்டு ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். பிறகு அந்தக் கோட்டில் உங்கள் வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக வைத்து, உடனே ஹிம், ஹெர் என்று மாற்றி வாய்விட்டுச் சொல்லுங்கள். ப்ராட் மீ அப் என்னும்போது அழுத்தம் அப் மீது விழட்டும்.