மதுரையில் கோபுரம் பார்த்துச் சாப்பிட ஒரு மொட்டைமாடி

அப்பாவுக்கு 78 வயது. மேலமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் 35 வருடம் நின்றுகொண்டே துணி கிழித்துக் கொடுத்தவர். மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தும், கோபுரத்தைக் கீழே இருந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்ததுதான். முட்டி வலி வந்த பிறகு அதுவும் போயிற்று. அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரை ஏதாவது ஒரு ஓட்டல் மொட்டைமாடிக்குச் சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். வீட்டுப் பெரியவர்களோடு போகிறவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

முதலில் திசை. ரயில்வே ஜங்ஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி வரும். மாடியில் சாப்பாடு போடும் ஓட்டல்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கோவில் அங்கிருந்து நேர் கிழக்கு. சாயங்கால வெயில் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து போய் மேலக்கோபுரத்தின் முகத்தில் விழும். சுதைச் சிற்பங்களின் பச்சையும் சிவப்பும் நீலமும் அப்போது தெரிகிற மாதிரி நடுப்பகலில் தெரியாது. காலையில் போனால் வெயில் எதிரே நின்று கண்ணைக் கூசும். கோபுரம் வெறும் கருப்பாகத்தான் இருக்கும்.

போவதற்கு முன்னால் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். லிப்ட் மாடி வரைக்கும் வருமா? இதைக் கேட்காமல் ஒரு தடவை போய், லிப்ட் ஒரு தளம் கீழேயே நின்றுவிட்டது. மீதி இருபது படியை அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறினார். மேலே போய்ச் சேர்ந்ததும் அரைமணி நேரம் அவரால் எதையும் ரசிக்க முடியவில்லை. முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "லிப்ட் இருக்கா" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "சாப்பிடுற மேசை வரைக்கும் படியே இல்லாம வரலாமா" என்று கேளுங்கள்.

இரண்டாவது, மாடி எத்தனை மணிக்குத் திறக்கும்? பல இடங்களில் மாடிச் சாப்பாடு சாயங்காலம்தான். மூன்றாவது, கோபுரத்தில் திருப்பணி நடக்கிறதா? சாரம் கட்டி மூடியிருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். கவுச்சி சாப்பிடாதவர்கள் சுத்த சைவமா என்பதையும், குடும்பத்தோடு போகிறவர்கள் பார் தனியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.

நேரம் ரொம்ப முக்கியம். சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே மேசையில் இருக்க வேண்டும். கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கும், ஆனியில் 6.40 வரைக்கும் வெளிச்சம் இருக்கும். மறைந்த பிறகு ஒரு கால்மணி நேரம் வானம் கருநீலமாக நிற்கும், கோபுர விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். போட்டோ எடுக்க அதுதான் சமயம். பிளாஷை அணைத்துவிட்டு, போனைக் கைப்பிடிச் சுவரில் அழுத்தி வைத்து எடுங்கள். கோவிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்பதால், பேரப்பிள்ளைகளுக்கு அனுப்பும் படம் இங்கே எடுத்தால்தான் உண்டு.

மேசையைக் கிழக்குச் சுவரை ஒட்டிக் கேட்டு வாங்குங்கள். ஆனால் உட்கார்ந்த நிலையில் கண்ணுக்குச் சுவர் மறைக்கிறதா என்று பெரியவரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நாம் நின்றுகொண்டு பார்த்து "ஆகா" என்போம். அவர் உட்கார்ந்தால் சிமெண்ட் சுவர்தான் தெரியும். சில இடங்களில் சுவரை ஒட்டிய மேசையைவிட, ஓர் எட்டுப் பின்னால் இருக்கும் மேசையிலிருந்து நன்றாகத் தெரிகிறது.

உட்கார்ந்ததும் எதிரே இருப்பது மேலக்கோபுரம். வலப்பக்கம் தெற்குக் கோபுரம், 160 அடிக்கு மேல் உயரம், இருக்கிற பதினான்கில் அதுதான் பெரியது. இடப்பக்கம் வடக்குக் கோபுரம். நெடுநாள் உச்சி கட்டப்படாமல் நின்றதால் அதற்கு மொட்டைக் கோபுரம் என்று பெயர். அப்பா இன்னும் அப்படித்தான் சொல்கிறார். நல்ல உயரமான மாடியென்றால் நடுவில் சுவாமி, அம்மன் சன்னதிகளின் தங்க விமானங்கள் மின்னுவதும் தெரியும். வடகிழக்கே யானை படுத்திருப்பது மாதிரி யானைமலை. தென்மேற்கே திரும்பினால் திருப்பரங்குன்றம். இதையெல்லாம் நீங்கள் சொல்லித் தராதீர்கள், பெரியவரையே கேளுங்கள். எந்தச் சந்தில் எந்தக் கடை இருந்தது என்று அப்பா விரலை நீட்டிச் சொல்ல ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும்.

இனி சாப்பாடு. சமையலறை பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருக்கும். தட்டு லிப்டில் ஏறி வருவதற்குள் முறுகல் ரோஸ்ட் வீணாகிவிடும். மூடி போட்டுக் கொண்டுவந்த ரோஸ்டை ஒரு நாள் திறந்தேன். மூடிக்குள் ஆவி முத்து முத்தாக நின்றது, தோசை ஈரத்துணி மாதிரி மடிந்து கிடந்தது. "தோசைக்கல் மேலயே இருக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். இல்லையென்றால் இட்லி, ஆப்பம், பொங்கல் சொல்லலாம். பரோட்டா போடும் கல்லோ தந்தூரி அடுப்போ மாடியிலேயே இருந்தால் அதையே சொல்லுங்கள், சுடச்சுட வரும். எதையும் மொத்தமாகச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது நல்லது. மாடிக் காற்றில் எல்லாம் சீக்கிரம் ஆறும். ஜிகர்தண்டாவை இங்கே குடிக்க வேண்டாம், விளக்குத்தூண் பக்கம் போய்க் குடியுங்கள்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மாடியில் உட்கார்ந்தால் நம்புவீர்கள். அந்த மாதத்தில் பெரியவர்களுக்குக் காதை மூட ஒரு துண்டு எடுத்துப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தால் கூரைக்கு அடியில் மாற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சித்திரைத் திருவிழாவில் வண்டியை வாசல் வரை விட மாட்டார்கள். நடக்க முடியாதவரை அப்போது கூட்டிப்போக வேண்டாம்.

பில் வந்ததும் படித்துப் பாருங்கள். ஜிஎஸ்டி சாதாரண ஓட்டலில் 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டலில் 18. சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2025-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும். அந்தப் பணத்தைத் தட்டோடு மேலே ஏறி இறங்கிய சர்வர் பிள்ளையின் கையில் கொடுங்கள்.

ராத்திரி ஒன்பதை ஒட்டிக் கோவிலில் பள்ளியறை பூஜை. சுவாமி பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போவார். எட்டே காலுக்கு எழுந்தால் டவுன்ஹால் ரோடு வழியாகப் பத்து நிமிட நடையில் போய்விடலாம். போனமுறை அப்பா, "நீ போயிட்டு வா, நான் இங்கனயே இருக்கேன்" என்றார். சர்வர் தம்பியிடம் கேட்டேன். "ஐயா இருக்கட்டும்க்கா" என்று சொல்லி, அவர் நாற்காலியைக் கோபுரத்தைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, இன்னொரு காபி கொண்டுவந்து வைத்தார்.