கடலோரத்துச் சிறு பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பதற்கு முன்

ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு வந்தால், எந்தத் தேதியில் எண்ணினார்கள் என்று முதலில் கேளுங்கள். எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்னும் பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 கணக்கில் நடக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, கடலாடிப் பக்கம் பதநீர்ப் பருவத்தில் குடும்பத்தோடு பனங்காட்டு விடிலிக்கு (ஓலைக் குடிசைக்கு)ப் போய்விடும் வீடுகள் உண்டு. ஆடி கடைசியில் திரும்புகிறவர்களும் உண்டு. கடற்கரையில் காற்று மாறும்போது கரை மாறி, வாடி (தற்காலிகக் கரைக் குடிசை) போட்டுத் தங்கும் நாட்டுப் படகுக் குடும்பங்களும் அப்படித்தான். ஆகவே மூன்று ஆண்டு வருகைப் பதிவேட்டை எடுத்து ஆகஸ்ட், நவம்பர், பிப்ரவரி என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு கட்டத்தில் மட்டும் எண் சரிந்தால் பிள்ளைகள் ஊரை விட்டுப் போய்விடவில்லை, பருவ காலத்தில் மட்டும் வெளியூர் போய் வருகிறார்கள். அவர்களுக்குத் தேவை, பெற்றோர் வெளியூரில் இருக்கும் மாதங்களில் தங்கிப் படிக்கப் பருவகால விடுதி. மூன்று கட்டமும் ஆண்டுக்கு ஆண்டு இறங்கினால்தான் அடுத்த வேலை.

அடுத்தது பிறப்புக் கணக்கு. கிராம சுகாதாரச் செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் குடியிருப்பு வாரியாகக் கிடைக்கும். உதாரணத்துக்கு, இப்போது ஒன்று முதல் மூன்று வரை படிக்கும் வயதில் ஊரில் 27 பிறப்பு, அதில் இந்தப் பள்ளிக்கு வந்தவர்கள் 9 என்றால், மூன்றில் ஒரு பங்கு. கடந்த 5 ஆண்டுப் பிறப்பு 6, 8, 7, 5, 6, மொத்தம் 32. மூன்றில் ஒரு பங்கு போட்டால் ஐந்து ஆண்டு கழித்து ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 10 அல்லது 11 பேர். மீதி இரண்டு பங்கு எந்தத் தனியார் பள்ளி வேனில் ஏறுகிறது என்பதையும் எழுதி வையுங்கள். பிறப்பே குறைந்த ஊருக்கும், பிறந்த பிள்ளைகள் வேனில் போகும் ஊருக்கும் ஒரே மருந்து பலிக்காது.

மிச்சப்படுவது என்ன என்பதையும் போட்டுப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3. 14 பேர் உள்ள பள்ளியும் 52 பேர் உள்ள பள்ளியும் தனித்தனியே நின்றால் 4 ஆசிரியர். சேர்ந்தால் 66 பேருக்கு 3. ஒரு பணியிடம் உபரி, அவ்வளவே. இந்த ஒரு பணியிடத்துக்காக 14 பிள்ளைகளை நடக்க விடுவதா என்று வட்டாரக் கல்வி அலுவலர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழு கேட்கட்டும். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தானே.

தூரம்தான் இந்தக் கரையில் பெரும் சிக்கல். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் என்பது விதி. வரைபடத்தில் கோடு இழுத்து 900 மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோடு கண்மாய்க்குள்ளும் உப்பளத்துக்குள்ளும் போகும். பிள்ளை கரையைச் சுற்றித்தான் போக வேண்டும். காலை எட்டரைக்கு, முதல் வகுப்புப் பிள்ளை ஒன்றையும் அதன் தாயையும் கூட்டிக்கொண்டு, புத்தகப் பையோடு நடந்து பாருங்கள். தார்ச் சாலையில் கால் மணி நேரத்தில் முடியும் வழி, மணலில் கால் புதையப் புதைய அரை மணியை நெருங்கும். போகும் வழியில் நான்கைக் குறியுங்கள்: கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்கும் இடம், தண்ணீர் ஓடும் ஓடை, கருவேலங்காடு மூடிய தனிப் பாதை, நிழலோ வீடோ இல்லாத வெளி. ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி நடங்கள். கோடையில் மண்ணாகக் கிடக்கும் ஓடையில் அப்போது முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும்.

வழி தேறாவிட்டால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து, பிள்ளைகளோடு கூடவே வரும் வழிக்காவலர் வசதி கேட்கலாம். பணம் தாமதமானால் ஆட்டோக்காரர் இரண்டாம் மாதமே நிறுத்திவிடுவார். யார் ஆட்டோ, யார் வழிக்காவலர், மாற்று ஆள் யார் என்று பெயரோடு தீர்மானத்தில் எழுதாமல் சேர்ப்புக்குச் சம்மதிக்காதீர்கள். கடலோரத் தெரு, மேட்டுத் தெரு என்று சாதி பிரித்துவைத்த ஊர்களில் எந்தத் தெரு வழியாகப் பிள்ளை போகும் என்பதையும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காத தாய், ஜூன் மாதம் பிள்ளையை அனுப்பாமல் பதில் சொல்வாள்.

கூட்டம் எப்போது? மார்ச்சிலேயே சேர்க்கை தொடங்கிவிடுவதால் முடிவு பிப்ரவரிக்குள் வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகும் தகப்பன்மார் ஊரில் இருப்பார்கள். புதிய பள்ளியைக் கூட்டிப்போய்க் காட்ட அது நல்ல நேரம், முடிவை அப்போதுதான் அறிவிப்பது தவறு. மே மாதம் வதந்தி கிளம்பினால் தனியார் பள்ளி வேன் முந்திக்கொள்ளும்.

முன்மொழிவில் ‘தற்காலிக மூடல்’ என்று எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் திரும்பி வந்தால் திறக்க வழி இருக்கும்.

ஆணை வந்தபின் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவு) வேலை. பழைய தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழ் போட்டதும் பிள்ளையின் பெயர், எந்தப் பள்ளியிலும் இன்னும் சேராதவர்களின் பொதுத் தொகுப்புக்குப் போகும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்காவிட்டால் ஆகஸ்ட் 1 அன்று அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. 66 என்பது 59 ஆகிவிட்டால் மூன்றாவது ஆசிரியரும் இல்லை. இரு தலைமையாசிரியரும் ஒரே நாளில், ஒரே மேசையில் உட்கார்ந்து பெயர் பெயராக முடிப்பது நல்லது. காலை உணவு, சத்துணவுப் பட்டியலையும் அன்றே மாற்றுங்கள். முதல் நாள் பதினான்கு தட்டு குறைந்தால் ஊரே பேசும்.

சேர்க்கைப் பதிவேட்டைப் பிரதி எடுத்துவிட்டு, மூலத்தைப் புதிய பள்ளி பீரோவில் வையுங்கள். முப்பது வருடம் கழித்தும் பிறந்த தேதிக்கு ஆள் வரும். கட்டடம் வாக்குச்சாவடியாக இருந்தால் வட்டாட்சியருக்குக் கடிதம் போக வேண்டும். புயல் எச்சரிக்கையில் ஊர் ஒதுங்கும் இடமும் பல கிராமங்களில் இதே கட்டடம்தான். மின் இணைப்பைத் துண்டிக்காதீர்கள், கைபம்பைக் கழற்றாதீர்கள். சாவி ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடமும் மற்றொன்று ஊருக்குள் பள்ளியை ஒட்டிய வீட்டிலும் இருக்கட்டும்.