முதுகு வலியும் பரிசோதனைகளும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேயிலைக் கொழுந்துப் பையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கி, நிறுவைக்காக மடுவம் வரை சுமந்து நடப்பவர்களுக்கு முதுகும் இடுப்பும் வலிப்பது இலங்கையின் மலையகத்தில் எவருக்கும் புதிதல்ல. அப்படிப் பழகிப்போனதனாலேயே எந்த முதுகு வலியையும் ‘சுமை தூக்கிய வலி’ என்று ஒதுக்கி, தைலம் பூசி, வலி மாத்திரை விழுங்கி, மாதக்கணக்கில் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடுகிறோம். எல்லாத் தவறுகளிலும் ஆபத்தானது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கீழ் முதுகு வலியில் ஏறத்தாழ 90 சதவீதம் குறிப்பிட்ட ஒரு நோயைக் காரணமாகக் காட்ட முடியாத வகை என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது; புதிதாக வந்த வலி பலருக்கு ஆறு வாரங்களுக்குள் தணிந்தும் விடுகிறது. மீதமுள்ள சிறு பங்கில்தான் காசநோய், புற்றுநோய், எலும்பு முறிவு முதலியவை இருக்கின்றன. இருமலே இல்லாதவரின் முதுகெலும்பையும் காசநோய் தாக்கலாம். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணம் தெரியாத மெலிவு, படுத்தாலும் குறையாத வலி ஆகியவை இருந்தால் ஆறு வாரம் பொறுத்திருக்கக் கூடாது. முதுகெலும்புக் காசநோயின் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப்புல ஸ்கேன் முன்னதாகவே காட்டிவிடும். ஆகவே எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றதும் கிளினிக் போவதை நிறுத்திவிடுவதும் தவறு.

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, மலம் தன்னையறியாமல் வெளியேறுவது, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, கால்கள் பலமிழப்பது ஆகியவை முதுகு வலியுடன் வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள். நரம்புகள் நசுங்குவதன் அறிகுறிகள் அவை. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இதற்கு நேர்மாறாக, வலி வந்த வாரத்திலேயே நகையை அடகு வைத்தாவது கண்டிக்கோ கொழும்புக்கோ போய் ஸ்கேன் எடுத்துவிடத் துடிப்பவர்களும் உண்டு. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரையொன்றின்படி, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் முதுகெலும்பின் இடைத்தட்டுகளில் தேய்மானம் காணப்படுகிறது. அறிக்கையில் ‘தேய்மானம்’, ‘தட்டுப் பிதுக்கம்’ என்றிருப்பதைக் கண்டு, இனி மலைக்கு வேலைக்குப் போகவே முடியாது என்று ஒடுங்கிப் படுத்துவிடுவது வேதனைக்குரியது. நீண்ட படுக்கை வலியை நீடிக்கவே செய்யும்.

எக்ஸ்ரே எலும்பைக் காட்டுமே தவிர, இடைத்தட்டையும் நரம்பையும் காட்டாது; அதில் குறையில்லை என்பதற்காக வலிக்கிறது என்று சொல்லும் பெண் நடிக்கிறாள் என்று வீட்டாரோ வேலை மேற்பார்வையாளரோ முடிவு செய்வது அநியாயம். கர்ப்பம் இருக்கலாம் என்றால் எக்ஸ்ரேக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். உடலில் அழற்சி உள்ளதா என்று பார்க்கும் ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையின் அளவு சற்று உயர்ந்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, ஏனெனில் இரத்தசோகையாலும் அது உயரும். விலாவில் தொடங்கித் தொடை இடுக்குக்கு இறங்கும் கடும் வலிக்குச் சிறுநீர்ப் பரிசோதனை உதவும்.

எந்தப் பரிசோதனை தேவை என்பதை நீங்கள் சொல்லும் விவரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ‘இடுப்பு வலி’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் வைத்தியருக்குக் காசநோயோ நரம்பு நசுங்கலோ தோன்றக் காரணமிருக்காது. வலி எப்போது தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, காலுக்கு இறங்குகிறதா, காலையில் முதுகு அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கிறதா, விழுந்தீர்களா, வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா என்பதையும் விழுங்கும் மாத்திரைகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வைத்தியர் சிங்களத்தில் பேசுபவராக இருந்தால், அம்மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். பழைய எக்ஸ்ரேயையும் கிளினிக் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.